ரம்புத்தான் மேல பாராங் கத்தி வைக்காதீங்க தங்கச்சி

கேள்வி: வணக்கம் அண்ணே. நாங்க புக்கிட் மெர்தாஜாம்ல ஒரு தாமான்ல (குடியிருப்புப் பகுதி) கார்னர் வீட்டுல இருக்கோம். ஆஸ்ட்ரோ டிவி டிஷ் வீட்டுக்குப் பின்னால குசினி சுவத்துல, தரையிலேர்ந்து ஒரு பத்தடி உயரத்துல மாட்டியிருக்கு. ஆறு ஏழு மாசமா படம் கட்டம் கட்டமா உடையுது, காத்து அடிச்சா போயிருது, மழை பெஞ்சா கேக்கவே வேணாம், மழை விட்டு அரைமணி நேரம் ஆனாலும் வரமாட்டேங்குது. அத்தைக்கு சாயங்கால நாடகம் போச்சுன்னா வீட்ல யாருக்கும் நிம்மதி இல்ல. டிஷ்ஷுக்கு நேர் எதிரே மாமா நட்ட ரம்புத்தான் மரம் இருக்கு, இருபதடி தள்ளி. மாமா தவறி மூணு வருஷம் ஆச்சு, அதை வெட்ட எனக்கு மனசு வரல. கடையில கேட்டா 90 சென்டிமீட்டர் டிஷ், புது எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னால நீட்டிக்கிட்டு இருக்கிற, சிக்னல் வாங்கற தலை), ஒரு ஆம்ப்ளிஃபையர் எல்லாம் சேர்த்து 450 வெள்ளி (ரிங்கிட்), மரத்தை வெட்டாமலே படம் வரும்ங்கறாங்க. எங்க அண்ணன் பையன் அதெல்லாம் பழைய காலம், ஸ்டார்லிங்க் போட்டுருங்கங்கறான். எதை வாங்கட்டும்? ரெண்டு போட்டோ அனுப்பியிருக்கேன். போன வாரம் முருங்கக்காய் பறிக்கும்போது தொரட்டி வேற டிஷ்ல இடிச்சிருச்சு, அதனாலயும் இருக்குமோன்னு பயமா இருக்கு.

பதில்: வணக்கம் தங்கச்சி. முதல்ல அந்த 450 வெள்ளியை பத்திரமா வைங்க, எங்கயும் குடுத்துராதீங்க. ரெண்டாவது, மாமா நட்ட ரம்புத்தான் அதுபாட்டுக்கு காய்க்கட்டும், ஏன்னா அந்த மரம் உங்க சிக்னலை தொடவே இல்ல. நான் 25 வருஷத்துக்கு மேலா பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஏணியை தூக்கிக்கிட்டு அலையுறவன், உங்க கடிதத்துல கடைசி வரியில போறபோக்குல ஒண்ணு சொன்னீங்க பாருங்க, எனக்கு அதுதான் முதல்ல கண்ணுல பட்டுச்சு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

ஆஸ்ட்ரோ சேட்டலைட் எங்க இருக்குன்னு தெரிஞ்சாலே பாதிக் குழப்பம் போயிரும். நம்ம மீசாட் சேட்டலைட்டுங்க நிக்கிறது கிழக்கு தீர்க்கரேகை 91.5 டிகிரியில, அதாவது சுமத்ராவுக்கு மேற்கே இந்துமாக்கடலுக்கு மேல, பூமத்திய ரேகைக்கு நேர் மேல சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்துல. 1996ல முதல் மீசாட்டை விட்டதுலேர்ந்து இதே விலாசம்தான். 2021 ஜூன்ல மீசாட்-3 கோளாறாகி சேனல் எல்லாம் பக்கத்துல நின்ன சேட்டலைட்டுக்கு மாறினப்பவும் சரி, 2022 ஜூன்ல மீசாட்-3டி மேல போனப்பவும் சரி, நம்ம வீட்டு டிஷ்ஷை யாரும் திருப்பலை, குடித்தனக்காரங்க மாறினாலும் வீட்டு நம்பர் மாறாத மாதிரி. இப்ப பினாங்குலேர்ந்து அந்த விலாசத்தை பார்த்தா எப்படி தெரியும்னா, தென்மேற்குல காம்பஸ் 239 டிகிரி, உங்க வீட்டுலேர்ந்து சொன்னா சும்மா இரண்டாம் பாலம் இருக்கிற பக்கம்னு வச்சுக்குங்க, உயரம் 78 டிகிரி. இந்த 78தான் விஷயமே. 90 டிகிரின்னா நேர் உச்சி, அப்ப 78ன்னா கிட்டத்தட்ட தலைக்கு மேலதான், தூக்கிப் பார்த்தா கழுத்து வலிக்கிற உயரம்.

இதுலேர்ந்து ஒரு கணக்கு வருது, இதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டா போதும். டிஷ்லேர்ந்து தென்மேற்கே ஒரு அடி தள்ளிப் போனா, சிக்னல் வர்ற பாதை டிஷ்ஷுக்கு மேல நாலரை அடி உயரத்துல இருக்கும், பத்தடி தள்ளினா 45 அடிக்கு மேல. உங்க ரம்புத்தான் இருபதடி தள்ளி நிக்குது, அப்ப அது சிக்னலை மறைக்கணும்னா டிஷ்ஷுக்கு மேல 90 அடி வளர்ந்திருக்கணும். கிளை இந்தப் பக்கம் நீண்டு பன்னெண்டு அடியில இருக்குன்னே வச்சாலும் 55 அடி வேணும். நீங்க அனுப்பின முதல் போட்டோவுல அந்த மரம் மாடி வீட்டு உயரம்கூட வரல. பாவம், செய்யாத தப்புக்கு அது தண்டனை வாங்கப் பார்த்துச்சு.

"ஆனா அண்ணே, டிஷ் ரம்புத்தானைத்தானே பார்த்துக்கிட்டு இருக்கு?"ன்னு கேப்பீங்க. எல்லாரும் கேக்கிறதுதான், நானும் ஒரு காலத்துல அதுல ஏமாந்தவன்தான். நம்ம வீட்டு டிஷ் ஆஃப்செட் டிஷ், அதோட முகம் பார்க்கிற திசையிலேர்ந்து சிக்னல் வராது, அதுக்கும் மேல இருபது இருபத்தஞ்சு டிகிரி தூக்கின இடத்துலேர்ந்துதான் வரும். எல்என்பியோட நிழல் தட்டு மேல விழக்கூடாதுன்னு அந்த மாதிரி அமைச்சிருக்காங்க. அதனால டிஷ் எதிர் வீட்டு கூரைக்கு மேல எதையோ முறைச்சுப் பார்க்கிற மாதிரி இருக்கும், உண்மையில அது வாங்கறது தலைக்கு மேலேர்ந்து. நான் தொழிலுக்கு வந்த புதுசுல பாலிக் பூலாவ்ல ஒரு பெரியவர் வீட்டுல இதே மாதிரி சிக்னல் இல்ல, டிஷ்ஷுக்கு நேரா ஒரு ஜாதிக்காய் மரம், நான் பெரிய மனுஷன் மாதிரி இடுப்புல கையை வச்சுக்கிட்டு "இதுதான் காரணம்"னு சொல்லிட்டேன், அவரும் வாயே திறக்காம மறுநாள் வெட்டிப்புட்டார். சிக்னல் வரல. கடைசியில பார்த்தா டிஷ்ஷுக்கு மேல ஓரமா சாய்ஞ்ச மூங்கில் கொத்து. காய்ச்சுக்கிட்டிருந்த மரம் அது, அந்த வீட்டம்மா எனக்கு டீ குடுத்துட்டு முகத்தைக்கூட பார்க்கல. அதுலேர்ந்து எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதல்ல நிமிர்ந்து பார்க்கிறேன், அப்புறம்தான் எதிரே பார்க்கிறேன்.

இப்ப உங்க கடைசி வரிக்கு வாங்க. முருங்கக்காய் பறிக்கும்போது தொரட்டி டிஷ்ல இடிச்சிருச்சுன்னு எழுதினீங்க. தொரட்டி டிஷ்ல இடிக்குதுன்னா என்ன அர்த்தம்? முருங்கை டிஷ்ஷுக்கு தலைமேல இருக்குன்னு அர்த்தம். ரெண்டாவது போட்டோவை பெருசு பண்ணிப் பார்த்தேன், குசினி சுவத்துலேர்ந்து ரெண்டடி தள்ளி, சரியா தென்மேற்குப் பக்கம், டிஷ்ஷுக்கு மேல பத்து பன்னெண்டு அடிக்கு நல்லா கொழுகொழுன்னு வளர்ந்து நிக்குது. ரெண்டடி தூரத்துக்கு சிக்னல் பாதையோட உயரம் ஒம்பது அடி. ஆக சிக்னல் வந்து நேரா முருங்கையோட கொண்டைக்குள்ளதான் நுழையுது. ஆறு ஏழு மாசமா பிரச்சனைங்கறீங்க, முருங்கை வளர்ற வேகத்துக்கு அந்தக் கணக்கும் சரியா வருது, போன வருஷம் இந்த உயரம் இருந்திருக்காது. முருங்கை இலை சின்னது, காத்துல அசையுது, வெயில்ல பார்த்தா வானம் தெரியற மாதிரிதான் இருக்கும், அதனாலதான் யாருக்கும் அது மேல சந்தேகம் வரல. ஆனா இந்த சிக்னலோட அலைநீளம் ரெண்டரை சென்டிமீட்டர்தான், கிட்டத்தட்ட முருங்கை இலை சைஸ், இலைக்குள்ள இருக்கிறது முக்கால்வாசி தண்ணி, தண்ணி இந்த அலையை குடிச்சிரும். மழை பெஞ்சா இலைக்கு மேலயும் தண்ணி.

நீங்க சொன்ன அடையாளமும் அதையேதான் சொல்லுது. வெறும் மழையால போற சிக்னல் மேகம் நகர்ந்த உடனே திரும்பி வந்துரும், நம்ம ஊர்ல சேட்டலைட் தலைக்கு மேல இருக்கறதால மழைக்குள்ள சிக்னல் கடக்கிற தூரமும் கம்மி. மழை விட்டு அரைமணி நேரம் கழிச்சும் வரலைன்னா எங்கயோ சொட்டிக்கிட்டு இருக்கு, இலை காயற வரைக்கும் காத்திருக்கணும். காத்து அடிச்சா உடையுதுங்கறதும் இலைதான். தொரட்டி இடிச்சு டிஷ் திரும்பியிருந்தா வெயில்ல காலையிலகூட படம் சரியா இருக்காது, உங்களுக்கு அப்படி இல்ல. ஆனாலும் போல்ட்டை ஒரு தடவை தொட்டுப் பாருங்க, 60 சென்டிமீட்டர் டிஷ்ஷுக்கு ரெண்டு மூணு டிகிரிதான் பார்வை அகலம், ஒரு விரல்கடை நகர்ந்தாலே அதுக்கு கண்ணு மங்கிரும்.

நான் சொல்றதை நம்பி உடனே வெட்டவும் வேணாம், நான் ஜாதிக்காய் மரத்துல பட்டவன் ஆச்சே, நீங்களே பரீட்சை பண்ணிருங்க. டிகோடர் செட்டிங்ஸ்ல சிக்னல் டெஸ்ட்னு ஒண்ணு இருக்கும், ஒவ்வொரு பெட்டிக்கும் மெனு கொஞ்சம் மாறும், அதுல ரெண்டு கோடு காட்டும், ஒண்ணு ஸ்ட்ரெங்த், ஒண்ணு குவாலிட்டி. ஸ்ட்ரெங்த்தை பார்க்காதீங்க, அது சத்தத்தையும் (சிக்னலோட கலந்து வர்ற நாய்ஸ், காதுல கேக்கிற சத்தம் இல்ல) சேர்த்து எண்ணிக் காட்டும், குவாலிட்டி கோடுதான் கணக்கு. அத்தையை டிவி முன்னால உக்கார வைங்க, நீங்க பின்னால போய் வாட்ஸ்அப் கால் போட்டுக்குங்க, அதே தொரட்டியால டிஷ்ஷுக்கு மேல இருக்கிற முருங்கைக் கிளையை கொக்கி போட்டு ஒரு பக்கமா இழுத்துப் பிடிங்க, இந்த தடவை டிஷ்ல இடிக்காம. அத்தை நம்பரை சொல்லட்டும். ஏறினா முருங்கைதான். ஏறவே இல்லைன்னா என்னை திட்டி எழுதுங்க.

இன்னொரு வழியும் இருக்கு, எனக்குப் பிடிச்ச வழி. பிஸ்கட் பெட்டி அட்டையில ஒரு முக்கோணம் வெட்டுங்க, அடிப்பக்கம் 10 சென்டிமீட்டர், நேரா நிக்கிற பக்கம் 46 சென்டிமீட்டர். அந்த சாய்வான விளிம்புல ஒரு ஸ்ட்ராவை சிலோடேப்பால ஒட்டிக்குங்க. ஏணியில ஏறி டிஷ் பக்கத்துல பிடிச்சு, நேர் விளிம்பு தென்மேற்கு பாலம் பக்கமும் சாய்வு விளிம்பு உங்க பக்கமும் இருக்கணும், நேர் விளிம்பு சாயாம இருக்கான்னு நூல்ல ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு பார்த்துக்குங்க, அப்புறம் கீழேர்ந்து ஸ்ட்ரா வழியா பாருங்க. நீல வானம் தெரிஞ்சா சிக்னலுக்கு வழி இருக்கு, பச்சை தெரிஞ்சா இல்ல. போன் காம்பஸ் இரும்பு கம்பி, சிங்க் கூரை பக்கத்துல பொய் சொல்லும், அதனால கொஞ்சம் தள்ளி நின்னு திசையை பார்த்துக்கிட்டு அப்புறம் ஏறுங்க. சாயங்காலம் செய்யுங்க, வெயில் நேரத்துல ஸ்ட்ரா வழியா வானத்தைப் பார்த்து கண்ணைக் கெடுத்துக்காதீங்க.

வெயில்னதும் ஞாபகம் வருது, வருஷத்துல ரெண்டு தடவை சூரியனே வந்து காட்டிக் குடுக்கும். நம்ம பினாங்குல மார்ச் 18 வாக்குலயும் செப்டம்பர் 25 வாக்குலயும் நாலஞ்சு நாளைக்கு, மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒரு பத்து நிமிஷம் முன்னப் பின்ன, சூரியன் அந்த சேட்டலைட்டுக்கு நேர் பின்னால வந்து நிக்கும். அந்த நேரத்துல சில நிமிஷம் படம் தானா போகும், எல்லா வீட்டுக்கும் போகும், யாரும் டிஷ்ஷை நோண்ட வேணாம். ஆனா அந்த நிமிஷத்துல வெளியே வந்து டிஷ்ஷை பாருங்க, தட்டு மேல இலை நிழல் விழுந்திருந்தா அதே இலைதான் வருஷம் முழுக்க சிக்னலையும் மறைக்குது. மீட்டர் வேணாம், டெக்னிஷியன் வேணாம். நான் புது வீட்டுக்கு டிஷ் மாட்டப் போறப்ப செப்டம்பர்னா ரெண்டு மணிக்குத்தான் வர்றேன்னு சொல்லுவேன், ஆளுங்க மதிய சாப்பாட்டுக்கு வர்றான்னு நினைச்சுக்குவாங்க, அது அதுக்கும்தான்.

சரி, கடைக்காரர் சொன்ன சாமானுக்கு வருவோம். நல்லா தழைச்ச மரக்கிளை 10 டெசிபல் சாதாரணமா தின்னுரும், ஈரம்னா இன்னும் அதிகம். 10 டெசிபல்னா பத்து வெள்ளி வந்த இடத்துல ஒரு வெள்ளி வருதுன்னு அர்த்தம். 60 டிஷ்ஷை கழட்டிட்டு 90 போட்டா தட்டோட பரப்பு ரெண்டே கால் மடங்கு ஆகும், அப்ப அந்த ஒரு வெள்ளி ரெண்டே கால் வெள்ளி ஆகும், மீதி ஏழே முக்கால் வெள்ளியை முருங்கைதான் வச்சிருக்கும். காய்ஞ்ச நாள்ல கொஞ்சம் நல்லா இருக்கும், நீங்களும் சந்தோஷமா காசு குடுத்துருவீங்க, முருங்கை இன்னும் மூணு அடி வளர்ந்ததும் பழைய கதை. பெரிய டிஷ் தப்பான சாமான்னு சொல்லல, வானம் சுத்தமா தெரிஞ்சும் மழையில அடிக்கடி போற வீட்டுக்கு அது உதவும், ஆனா காத்தை அதிகமா பிடிக்கும், கம்பியும் பிராக்கெட்டும் அதுக்கேத்த மாதிரி பலமா இருக்கணும், குறி வைக்கிறதும் கஷ்டம். மரத்துக்கு மருந்து அது இல்ல.

ஆம்ப்ளிஃபையர் இன்னும் மோசம். அது டிஷ்ஷுக்கு அப்புறம் கேபிள்ல மாட்டறது, வந்த சிக்னலை பெருசாக்கும், கூட வந்த சத்தத்தையும் அதே அளவு பெருசாக்கும். தண்ணி கலந்த பாலை பெரிய பாத்திரத்துல ஊத்தினா பால் கெட்டியாகுமா? கேபிள் ரொம்ப நீளமா ஓடற வீட்டுக்கு வேணும்னா அது தேவைப்படும், உங்களுக்கு குசினியிலேர்ந்து ஹாலுக்கு அம்பது அடி இருக்குமா? புது எல்என்பிக்கும் இதே பதில்தான். பெட்டி மேல 0.1 டெசிபல்னு பெருசா அச்சடிச்சிருப்பான், விலை குறைஞ்ச சாமான்ல அந்த நம்பரை நான் ஒரு நாளும் மதிச்சதில்ல. பழைய எல்என்பி உடைஞ்சு தண்ணி போயிருந்தா மாத்துங்க, இல்லைன்னா விடுங்க.

ஏணியில ஏறினது ஏறினீங்க, எல்என்பி முன்னால இருக்கிற மூடி வெடிச்சிருக்கான்னு பாருங்க, வெயில்ல பொரிஞ்சு போயிரும், உள்ள எறும்பு குடி வந்திருக்கும், ஒரு தடவை நான் கழட்டினப்ப முட்டையும் எறும்புமா கொட்டி கை வீங்கிப் போச்சு. கேபிள் முனையில ஸ்க்ரூ மாதிரி திருகற கனெக்டரை கழட்டி நடுவுல இருக்கிற செம்புக் கம்பியை பாருங்க, பச்சையா கருப்பா இருந்தா ரெண்டு இஞ்ச் வெட்டிட்டு புது கனெக்டர் போடச் சொல்லுங்க, சின்ன செலவு. மின்கம்பி பக்கத்துல ஓடுதுன்னாலோ, வானம் இருட்டுதுன்னாலோ ஏறவே ஏறாதீங்க, நம்ம ஊர் இடி எப்படின்னு உங்களுக்கே தெரியும், ஆளை வச்சே செஞ்சுக்கலாம்.

முருங்கையை என்ன செய்யறது? வெட்டிச் சாய்க்க வேணாம், தலையை ஒடிச்சு விடுங்க. முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும் பிள்ளையை அடிச்சு வளர்க்கணும்னு நம்ம பெரியவங்க சொல்லுவாங்க, பிள்ளை விஷயத்துல எனக்கு அதுல உடன்பாடு இல்ல, முருங்கை விஷயத்துல நூத்துக்கு நூறு. நெஞ்சு உயரத்துக்கு வெட்டி விட்டா பக்கக் கிளை அடிச்சு கைக்கு எட்டற உயரத்துல கீரையும் காயும் கிடைக்கும், தொரட்டியே வேணாம். வெட்டின வாயில தண்ணி நிக்காம சாய்வா வெட்டணும், மழைக்காலத்துல நிமிர்ந்த வாயோட விட்டா அழுகிரும். ஆனா தங்கச்சி, வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது ஒடிக்கணும், மறந்தீங்கன்னா அது மறுபடி டிஷ்ஷுக்கு குடை பிடிக்கும். அத்தை நட்ட மரம்னா வெட்டறதுக்கு முன்னால அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க, நாடகம் வேணுமா முருங்கை கொண்டை வேணுமான்னு கேட்டா பதில் என்ன வரும்னு எனக்குத் தெரியும்.

அத்தை சம்மதிக்கலைன்னா, இல்ல ஒடிச்சு ஒடிச்சு முடியலைன்னா, டிஷ்ஷை நகர்த்துங்க. 78 டிகிரியோட நல்ல குணம் என்னன்னா நாலஞ்சு அடி நகர்த்தினாலே போதும், பக்கத்து தெருவுக்கு போக வேணாம். முன்னால கார் போர்ச் தூண் பக்கம் மாட்டலாம், "அங்கேர்ந்து பார்த்தா நம்ம வீட்டுக் கூரையே மறைக்குமே"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, பத்தடி தள்ளின கூரை மறைக்கணும்னா அது 45 அடி உயரம் இருக்கணும்னு இப்ப உங்களுக்கே கணக்கு தெரியும். ஒரே ஒரு எச்சரிக்கை, கூரையோட ஓரத்துக்கு கீழ மாட்டிராதீங்க. முன்பக்க சுவத்துல ஒட்டி மாட்டினா சிக்னல் வீட்டுப் பக்கம் சாய்ஞ்சு வரும், ஓட்டு விளிம்பு இடிக்கும், விளிம்புலேர்ந்து வெளியே ஒண்ணரை ரெண்டடி தள்ளி இருக்கணும், தட்டு முழுசும். அந்த முக்கோண அட்டையை தூக்கிப் போட்டுராதீங்கன்னு இதுக்குத்தான் சொல்றேன், புது இடத்துலயும் அதே ஸ்ட்ரா வழியா பார்த்துட்டு அப்புறம் ட்ரில் போடச் சொல்லுங்க. கேபிள் ஆர்ஜி6ங்கற ரகம், ஒரே துண்டா இழுக்கணும், நடுவுல ஒட்டு கூடாது, எல்என்பிக்கு கீழ கேபிளை ஒரு வளையம் தொங்கவிட்டு கொண்டு போகணும், மழைத்தண்ணி கேபிள் வழியா ஓடி கனெக்டருக்குள்ள போகாம அந்த வளையத்துல சொட்டிரும். மாட்டற கம்பி நேரா நிக்குதான்னு ரசமட்டம் வச்சுப் பார்க்காம டிஷ் மாட்டற ஆள் வந்தா டீ குடுத்து அனுப்பிருங்க.

அண்ணன் பையன் சொன்ன ஸ்டார்லிங்க். அது மலேசியாவுக்கு 2023 ஜூலையில வந்துச்சு, வந்தப்ப சாமானுக்கு 2,300 வெள்ளி, மாசத்துக்கு 220 வெள்ளி. அது இன்டர்நெட், ஆஸ்ட்ரோ டிஷ் மாதிரி இல்ல. ஆஸ்ட்ரோ சேட்டலைட் ஒரே இடத்துல நிக்கும், அதுக்கு வானத்துல ஒரு சின்ன ஓட்டை இருந்தா போதும். ஸ்டார்லிங்க் சேட்டலைட்டுங்க ஐநூறு கிலோமீட்டர் வாக்குல ஓடிக்கிட்டே இருக்கு, ஒண்ணு மறைய இன்னொண்ணு வரும், அதனால அதுக்கு தலைக்கு மேல பரந்த வானம் வேணும், கிட்டத்தட்ட 110 டிகிரி அகலத்துக்கு. வேடிக்கை என்னன்னா, ஆஸ்ட்ரோவுக்கு ஒரு தொந்தரவும் குடுக்காத உங்க ரம்புத்தான் ஸ்டார்லிங்குக்கு குறுக்கே வரலாம், வந்தா நிஜமாவே மாமா மரத்து மேல கை வைக்க வேண்டி வரும். எஸ்டேட் உள்ள, மலைப்பக்கம், ஃபைபர் எட்டாத கம்பத்துல (கிராமத்துல) இருக்கிறவங்களுக்கு அது வரப்பிரசாதம். உங்க தாமான்ல ஃபைபர் இருக்கும், வீட்ல ஏற்கனவே வைஃபை இருந்தா டிஷ்ஷே இல்லாம இன்டர்நெட் வழியா ஓடற ஆஸ்ட்ரோ டிகோடர் இருக்கு, உங்க பேக்கேஜுக்கு அது கிடைக்குமான்னு கேட்டுப் பாருங்க, முருங்கை ஒடிக்கிற வேலைகூட இருக்காது. ஆனா லைன் போனா நாடகமும் போகும், அதையும் யோசிச்சுக்குங்க.

ஆண்டெனா வழியா வர்ற மைஃப்ரீவியூ பத்தி நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன். 2019 அக்டோபர் 31ஓட நாட்டுல பழைய அனலாக் முழுசா நின்னு போச்சு, இப்ப யுஎச்எஃப் ஆண்டெனா போட்டா டிஜிட்டல்ல வரும், மாசக் கட்டணம் இல்ல. அதோட அலை அரை மீட்டர் நீளம், இலையை அவ்வளவா சட்டை பண்ணாது. டிவி ரெண்டுல தமிழ்ச் செய்தி வரும், மாமனார் இருந்திருந்தா அது போதும்னிருப்பார், அத்தை நாடகத்துக்கு அது ஆகாது.

அதனால இந்த வாரம் தொரட்டி பரீட்சை செய்யுங்க. முருங்கையை ஒடிச்சப்புறம் குவாலிட்டி நம்பரை ரெண்டு தடவை எழுதி வைங்க, காய்ஞ்ச நாள் சாயங்காலம் ஒண்ணு, நல்ல மழை விட்ட பத்தாவது நிமிஷம் ஒண்ணு. ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லைன்னா வேலை முடிஞ்சுது, வித்தியாசம் இருந்தா அந்த ரெண்டு நம்பரையும், கழட்டின கனெக்டரை கிட்ட வச்சு எடுத்த ஒரு போட்டோவையும் அனுப்புங்க, பார்த்துட்டு சொல்றேன்.